எந்த ஊரிலிருந்து எண்ணிய நாலாங்கட்டை?

தபால் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, போன வாரம் உங்கள் போஸ்ட்மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, இந்தத் தடவை வந்த பிள்ளைங்க எல்லாம் ஜொகூர், பேராக் பக்கம். ஒருத்தருக்கும் நம்ம ஊரு தெரியாது. நாலு பக்கம் எழுதிக் குடுங்கலா" என்றார். பென்ஷன் வாங்குகிறவன் சும்மா உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்குப் பொறுக்காது. சரி என்று எழுத உட்கார்ந்தேன்.

ஊரை அறிமுகப்படுத்துகிறவர்கள் மக்கள்தொகையில் ஆரம்பிப்பார்கள். அது எனக்குத் தெரியாது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் என்பது தெரியும். அதுவும் பழைய கணக்கு. நான் சொன்ன நாய்களெல்லாம் இப்போது செத்துப் போயிருக்கும்.

முதலில் பெயர். சுங்கைப் பட்டாணி என்றதும் சுண்டலை நினைத்துக்கொள்ளாதீர்கள். மலாயில் சுங்கை என்றால் ஆறு, பெத்தானி என்றால் விவசாயி. நம் ஆட்கள் வாயில் விவசாயி பட்டாணியாகிவிட்டார். ஊருக்குள் பாக்கார் ஆராங் என்று ஒரு பகுதி உண்டு, அதற்குக் கரி சுடுவது என்று பொருள். இப்போது அங்கே வரிசை வீடுகளும் கடைகளும் கார்களும் இருக்கின்றன, கரியைக் காணோம். ஆனால் நான் தபால்காரனாக வேலைக்குச் சேர்ந்தது ஜப்பான்காரன் ஆண்ட காலம். பெட்ரோல் கிடையாது, பஸ்ஸே கரிப் புகையில்தான் ஓடியது. மேடு வந்தால் பஸ் நின்றுவிடும், டிக்கெட் வாங்கியவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் ஊர் முழுவதுமே பாக்கார் ஆராங்தான்.

ஊரின் அமைப்பு எளிது. நடுவில் கடைத்தெரு, பக்கத்தில் ரயில் ஸ்டேஷன், நான்கு பக்கமும் சாலைகள். ஒன்று திகாம் பத்துவுக்கு, ஒன்று எட்டு மைல் தள்ளி இருக்கும் பீடோங்குக்கு, இப்படி. எந்தச் சாலையில் போனாலும் பத்து நிமிஷத்தில் ரப்பர் மரம் வந்துவிடும். டவுன் கைக்குட்டை அளவு, சுற்றியிருக்கும் தோட்டங்கள் வேட்டி அளவு. அந்தத் தோட்டத்து மக்கள் வெளியூர் போனால், "எந்த ஊரு?" என்று கேட்பவர்களிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் யாருக்கும் புரியாது. "சுங்கைப் பட்டாணி" என்பார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் முகவரியில் வரும் கடிதங்களில் பாதி இந்த ஊருக்கு உரியவை அல்ல.

இன்னொன்று. மைலுக்கு நாம் கட்டை என்கிறோம். சாலையோரம் நட்டிருந்த மைல்கட்டையிலிருந்து வந்த பேச்சு. தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று இருக்கும், அது யார் வாயிலும் நுழையாது. ஆகவே இரண்டாங்கட்டை, ஆறாங்கட்டை என்றே தோட்டங்களைக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கம்தான் என்னை ஒரு நாள் தலைகீழாகக் கவிழ்த்தது. உங்களுக்குச் சொல்ல நினைத்ததும் அதைத்தான்.

அப்போது எனக்கு இருபது வயது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு. தோட்டங்களில் ஆம்பிளைகள் குறைந்துகொண்டே வந்த நேரம் அது. சயாமில், அதாவது இப்போதைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, ஒருவரும் வரவில்லை. கடிதமும் வரவில்லை. என்னைக் கண்டதும் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் வாசல்களில் பெண்கள் எழுந்து நிற்பார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே போவேன். அந்தக் காலத்தில் என் கழுத்து வலித்த அளவுக்குக் கால் வலித்ததில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் சயாமிலிருந்து ஒரு அட்டை வந்தது. கடிதங்களையெல்லாம் பிரித்துப் படித்து அனுப்பிய காலத்தில் அது எப்படித் தப்பி வந்ததோ தெரியாது. 'முனியம்மா, நாலாங்கட்டைத் தோட்டம், சுங்கைப் பட்டாணி' என்று முகவரி. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போகும் சாலையில் நாலாங்கட்டைத் தோட்டம் என் வட்டாரம். அங்கே முனியம்மா என்று ஒருவர் இருந்தார், முப்பது வயது இருக்கும். அவர் புருஷனும் சயாமுக்குப் போனவர்தான். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? நான் சைக்கிளில் பறந்தேன். பறந்தேன் என்பது ஒரு பேச்சுக்கு. டியூப் கிடைக்காமல் ரப்பரைக் கயிறாகத் திரித்து ரிம்மில் சுற்றி ஓட்டிய சைக்கிள் அது.

முனியம்மா மரவள்ளிக் கொல்லையில் கொத்திக்கொண்டிருந்தார். "அக்கா, சயாம்லேருந்து தபால்" என்று வரப்பிலிருந்தே கத்தினேன். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "படிங்க தம்பி, படிங்க" என்றார். நான் படித்தேன்.

"அன்புள்ள முனியம்மாவுக்கு. நான் இங்கே சௌகரியமாக இருக்கிறேன். நம் மாரியப்பண்ணன் இருப்பது போன்ற இடத்தில்தான் நானும் இருக்கிறேன். அண்ணனைப் போலவே எனக்கும் ஒரு குறையும் இல்லை. நீ இங்கே வந்தால் நாம் எல்லோரும் அண்ணனோடு ஒன்றாகச் சேர்ந்து இருக்கலாம்."

அந்த அம்மாவின் முகத்தை நான் எப்படிச் சொல்வேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உயிரோட இருக்காரு. அண்ணன்னா யாரோ கூட வேலை செய்யிறவரு போல. நல்லா இருக்கட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஏதோ நானே அவர் புருஷனைக் கூட்டி வந்தது போலப் பெருமை. அந்தப் பெருமையோடு கடைசி வரியைப் படித்தேன்.

"இப்படிக்கு, செல்லம்மா, பொன்னியின் அப்பா."

முனியம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு, "எனக்குப் பிள்ளை இல்ல தம்பி" என்றார்.

தபால்காரன் ஒரு கடிதத்தை மாற்றிக் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கொடுத்த சந்தோஷத்தை எப்படித் திரும்ப வாங்குவது? அட்டையில் எல்லாமே எட்டு வரி. முதலிலேயே ஒரு முறை கடைசி வரை கண்ணை ஓட்டியிருந்தால் போதும். அதைச் செய்யாமல் வரப்பிலிருந்தே கத்தியவன் நான். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது பீடோங் நாலாங்கட்டையா இருக்கும்லா" என்றார்.

"பீடோங்கா?"

"ஆமா. பீடோங்லேருந்து மேற்கால போற ரோட்டுல ஒரு நாலாங்கட்டை இருக்கு. அவங்க பீடோங்லேருந்து எண்ணுவாங்க. எங்க சின்னம்மா மக அங்கதான் இருக்கா. நேத்து வந்திருந்தா. அங்க ஒருத்தி ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களோட புருஷனைத் தேடி சயாமுக்கே போறாளாம். பேரு முனியம்மாதான், என்னைக் கிண்டல் பண்ணிட்டுப் போனா. இன்னிக்கு நாலு மணிக்கு லோரி வருதாம்."

நான் அட்டையைப் பையில் வைத்தேன். எனக்கு அப்போது தோன்றியது, புருஷன்காரன் கூப்பிடுகிறான், அவளும் கிளம்பிவிட்டாள், கடிதம் போகாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது என்பதுதான். அதை வாய்விட்டும் சொன்னேன். முனியம்மா தலையை ஆட்டினார். "என்ன எழுதியிருந்தாலும் அது அவளுக்கு வந்தது தம்பி. ஏறுறதுக்கு முன்னாடி அவ காதுல விழணும். அவ புருஷன் என்ன சொல்றான்னு அவளுக்குத்தான் தெரியும்" என்றார். வெந்த மரவள்ளிக் கிழங்கு இரண்டை இலையில் சுற்றி என் கையில் திணித்தார். அன்றைக்கு அவர் வீட்டில் இருந்த சாப்பாடு அதுவாகத்தான் இருக்கும்.

டவுனுக்குத் திரும்பி நேராகத் தலைமைக் கிராணியிடம், அதாவது எங்கள் ஆபீஸ் பெரிய குமாஸ்தாவிடம், போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்து நான் பார்த்ததில்லை. தவறான இடத்தில் கொடுத்த தபாலைப் பதிவு செய்து, பீடோங் பையில் போட்டு அனுப்ப வேண்டும் என்பது விதி. நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பிழை விட்டது நீர்," என்றார். "பையில போட்டால் நாளையிண்டைக்குத்தான் போய்ச் சேரும். லொறி எத்தினை மணிக்கு?"

"நாலு மணிக்கு சார். நேரம் இருக்கு. வெயில் இப்பத்தான் உச்சிக்கு வந்திருக்கு."

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார். ஜப்பான்காரன் வந்ததும் எல்லாக் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தான். தோட்டத்து மக்கள் மட்டும் வீட்டுப் பேச்சில் பழைய மணியே சொல்வார்கள். அதனால் முனியம்மா சொன்ன நாலு மணியும் பழைய மணி என்று நானாக எண்ணிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு.

"லொறி ஆருடையது? ஜப்பான்காரன்ரை. அப்ப மணியும் அவன்ரைதான். உமக்கு ரெண்டு மணித்தியாலம் இருக்குது, பன்னிரண்டு மைல்," என்றார் கிராணி. ஒரு தாளை எடுத்தார். 'அவசரத் தபால், வழியில் நிறுத்தக் கூடாது' என்று எழுதி மூன்று முத்திரை குத்தினார். ஒரு முத்திரைக்கே அவர் மூன்று முறை யோசிக்கிற மனிதர். "கெதியாப் போம். விசாரிச்சால் நான்தான் அனுப்பினது எண்டு சொல்லும்."

பாலத்துக் காவலில் நின்ற ஜப்பான் சிப்பாய் முன்னால் இறங்கிக் குனிந்து கும்பிட்டேன். முத்திரைகளைப் பார்த்ததும் போக விட்டான். ரப்பர்க் கயிறு இரண்டு முறை கழன்றது. வழியில் கரி பஸ் ஒன்று மேட்டில் நின்றுகொண்டிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். நான் காது கேட்காதவன் போல மிதித்தேன். பஸ்ஸில் போகலாமா என்று கிளம்பும்போது யோசித்தவன்தான் நான்.

நான் போய்ச் சேர்ந்தபோது லோரி தோட்டத்து ஆபீஸ் முன்னால் நின்றது. மூட்டைகளோடு பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு சிப்பாய் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஆட்களை வேலை வாங்கும் தோட்டத்துத் தண்டல் பெயர் படித்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். "முனியம்மாவுக்குத் தபால்" என்றேன். இரண்டு முனியம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் பட்ட அடி நல்ல அடி. நான் அட்டையைப் படிக்கவில்லை. "செல்லம்மா, பொன்னி யாரு பிள்ளைங்க?" என்று கேட்டேன். வரிசையின் கடைசியில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த இரண்டு சிறுமிகள் தலையைத் தூக்கினார்கள்.

அவர்கள் அம்மாவின் பக்கத்தில் போய்ப் படித்தேன். சௌகரியம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தண்டல் திரும்பினார். "பாத்தியா, உன் புருஷனே கூப்பிடுறான். ஏறு, ஏறு" என்றார். இந்தக் கடிதத்துக்காகவா இப்படி மிதித்து வந்தோம் என்று இருந்தது.

அந்த முனியம்மா முகத்தில் சந்தோஷம் இல்லை. "மாரியப்பண்ணன் வரியை இன்னொரு வாட்டி படிங்க" என்றார் மெதுவாக. படித்தேன். கேட்டு முடித்ததும் சட்டென்று பெரிய மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, "ஐயா, மகளுக்கு நேத்துலேருந்து வாந்தி பேதி. நிக்க மாட்டேங்குது" என்று அழ ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றது அந்தப் பெண் தெளிவாக. தொடையில் விழுந்த கிள்ளில் அதுவும் அழுதது.

தண்டல் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். என் தலையில் தபால் தொப்பி. அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் பொய் சொன்னது என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. "ஆமாண்ணே, டவுன்லயும் இப்படித்தான். காலரான்னு பேசிக்கிறாங்க. லோரியில ஏத்தினா எல்லாருக்கும் ஒட்டிக்கும்லா" என்றேன். காலரா என்ற வார்த்தை சிப்பாய்க்கும் புரிந்தது. அவன் கையை வீசி விரட்டினான். முனியம்மா மூட்டையை எடுக்கும்போது பக்கத்திலிருந்த பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் இன்னும் இரண்டு பேருக்கு வயிறு கெட்டுவிட்டது. மற்றவர்கள் ஏறிப் போனார்கள். நான் சத்தமாகப் படித்த அந்தச் சௌகரியம் அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

லோரியின் புழுதி அடங்கிய பிறகு கேட்டேன். "மாரியப்பண்ணன் யாருக்கா?"

"இவரோட கூடப் பிறந்த அண்ணன். செத்து ஆறு வருஷமாச்சு. அதோ, அந்த ரப்பர்க் காட்டுக்குப் பின்னால இருக்கிற சுடுகாட்டுலதான் புதைச்சோம்" என்றார் முனியம்மா. அட்டையை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டே இருந்தார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் என் வட்டாரத்து முனியம்மா கொடுத்த கிழங்கை எடுத்தேன். ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். செல்லம்மாவுக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது, முழுக் கிழங்கையும் தின்றாள்.

மறுநாள் காலை தலைமைக் கிராணி, "சேர்ந்ததோ?" என்று மட்டும் கேட்டார். சேர்ந்தது என்றேன். பதிவுப் புத்தகத்தைத் தள்ளி, 'முதலில் தவறான ஆளிடம் கொடுக்கப்பட்டது' என்று என் கையாலேயே எழுத வைத்தார். எழுதி முடித்ததும் ஒரு வெற்று நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். சுற்றுவட்டாரத்தில் எத்தனை கட்டைகள் உண்டு, எந்தக் கட்டையை யார் எந்த ஊரிலிருந்து எண்ணுகிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினேன். நாலாங்கட்டை மட்டும் ஐந்து இருந்தது. அதிலிருந்து படியெடுத்ததுதான் இன்று உங்கள் மேசை மேல் பழுப்பு அட்டை போட்டுக் கிடக்கிறது. டீ கிளாஸ் வைக்க அதைப் பயன்படுத்துவதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த அட்டையை எழுதியவர் திரும்பி வரவில்லை. ஆனால் அவர் பிள்ளைகள் இருவரும் வளர்ந்து ஆளானார்கள். செல்லம்மாவின் கல்யாணப் பத்திரிகை எனக்கு வந்தது. முகவரியில், 'பீடோங்கிலிருந்து எண்ணிய நாலாங்கட்டை' என்று அச்சடித்திருந்தார்கள். என்னைக் கேலி செய்யத்தான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

என் வட்டாரத்து முனியம்மா, அதுதான் பிள்ளையில்லாத அந்த அக்கா, அதன் பிறகும் நான் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார். நான் தலையை ஆட்டுவேன். "பரவால்ல தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார். ஜப்பான்காரன் தோற்றுப் போனான், கடிகாரங்களைப் பழையபடி திருப்பி வைத்தோம். அப்போதும் அவருக்குக் கடிதம் வரவில்லை.

அதற்கும் சில மாதம் கழித்து ஒரு நாள், நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். கோணிச் சாக்கைத் தைத்துப் போட்ட ஒரு மனிதர் ரயிலடியிலிருந்து நடந்து வந்து எதிரில் நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். ஊரே மாறிப் போனது போல இருக்கிறது, வழி பிடிபடவில்லை என்றார். "நாலாங்கட்டைக்குப் போகணுங்க. அங்க முனியம்மான்னு என் சம்சாரம்."

இந்தத் தடவை நான் கத்தவில்லை. "எந்த ஊர்லேருந்து எண்ணின நாலாங்கட்டை?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இந்த ஊர்லேருந்துதான். வேற எந்த ஊர்லேருந்து எண்ணுவாங்க?"

"பிள்ளைங்க?"

"இல்லீங்க."

எழுந்து தலைமைக் கிராணியின் மேசைக்குப் போனேன். "சார், நாலாங்கட்டைக்கு ஒரு டெலிவரி இருக்கு. நானே கொண்டு போறேன்" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக அந்த மனிதரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கும் சீட்டு ஒன்றைக் கிழித்து நீட்டினார். "கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும். இந்த முறை பிழை விடாதையும்."

அந்த மனிதரைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து நாலு மைலும் மிதித்தேன். கனமே தெரியவில்லை. முனியம்மா மரவள்ளிக் கொல்லையில்தான் இருந்தார். நான் வரப்பில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்றேன். இரண்டு பேரும் அழுது முடிக்கிற வரைக்கும் நான் சைக்கிள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் சீட்டை எடுத்து நீட்டினேன். முனியம்மா சிரித்துக்கொண்டே கொல்லை மண் ஒட்டிய பெருவிரலை அதில் அழுத்தினார். அந்தச் சீட்டைத் தலைமைக் கிராணி மற்றச் சீட்டுகளோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார்.